சபைப் போதகரான ஐயரோடு மனத்தாங்கலில் இருக்கும் சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான கமிட்டி அங்கத்தினர்களுக்கு, தோத்திரம்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் நிற்கும் வாசலைத் தவிர்த்து, பக்கத்து வாசல் வழியாக வெளியேறுகிறவர்கள் எந்தச் சேகரத்திலும் (ஒரு போதகர் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்திலும்) உண்டு. உங்கள் ஐயரிடம் குறையே இல்லை என்று வாதாட இதை எழுதவில்லை. குறையுள்ள தலைவனை எப்படி மதிப்பது என்பதற்கு வேதத்தில் தாவீதைவிடத் தெளிவான ஆள் இல்லை; வேதபாடம் நடத்துகிறவர்களாக அதைத்தான் நினைப்பூட்டுகிறோம்.

1 சாமுவேல் 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவான சவுல், தனக்குப் பின் ராஜாவாகப்போகிற தாவீதைக் கொல்ல 3000 பேரோடு தேடி வந்து, என்கேதியில் அவன் ஒளிந்திருக்கும் கெபிக்குள்ளேயே (குகைக்குள்ளேயே) நுழைகிறான். 'கர்த்தர் ஒப்புக்கொடுத்த நாள் இதுதான்' என்று தாவீதின் ஆட்கள் தூண்டுகிறார்கள். (கமிட்டிகளிலும் விபரீதமான யோசனைகள் இப்படிப் பக்தியாகத்தான் வரும்.) தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுக்கிறான். அதற்கே மனது அடித்துக்கொள்கிறது. ஏன்? 15ஆம் அதிகாரத்தில் சால்வைத் தொங்கல் கிழிந்ததைக் காட்டித்தான், ராஜ்யம் சவுலிடமிருந்து கிழிக்கப்பட்டது என்றான் தீர்க்கதரிசியான சாமுவேல். கர்த்தர் தம் வேளையில் கிழிக்கவேண்டியதைத் தன் கத்தியால் அறுத்துவிட்டோமே என்ற கூச்சமாகவே அதை நாங்கள் வாசிக்கிறோம்.

அதோடு தாவீது வாயை மூடிக்கொள்ளவில்லை. வெளியே வந்து, "ராஜாவாகிய என் ஆண்டவனே" என்று கூப்பிட்டு, முகங்குப்புற வணங்கி, அறுத்த துண்டை அத்தாட்சியாகக் காட்டி, உமக்கும் எனக்கும் நடுவே கர்த்தர் நியாயந்தீர்க்கட்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னான். 26ஆம் அதிகாரத்தில், தூங்கும் சவுலின் ஈட்டியைத் தாவீது எடுத்துப்போன பிறகு, சவுல் "திரும்பி வா" என்கிறான். தாவீது போகவில்லை. எடுத்த ஈட்டியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்காமல், ஒரு வாலிபன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்கிறான். மதித்தான், எட்ட நின்றே மதித்தான்.

இனி உங்கள் காரியம். காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் ஸ்தோத்திரப் பண்டிகையின் ஏலக் கணக்கில் சந்தேகம் என்றால், முதலில் ஒருவர் மட்டும் தனியே போய்க் கேளுங்கள் (மத்தேயு 18:15). பதில் வராவிட்டால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். அதன்பிறகு கடிதம்: எந்தத் தேதி, எந்த இனம், எவ்வளவு தொகை, எந்த ரசீது என்று குறித்து, 'பணம் எங்கே போனது' என்று கேட்காமல் 'இந்த ரசீதைக் காட்டுங்கள்' என்று எழுதி, பெயரோடு கையெழுத்துப் போட்டு, கூட்ட மினிட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு பேராயர் அலுவலகம்.

மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். மூப்பன்மேல் (சபைத் தலைவன்மேல்) வரும் பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. பெயரில்லாத கடிதத்தில் சாட்சி ஏது? வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பார்ப்பவர்கள் பார்த்து முடிப்பார்கள். கணக்கு அப்படியே கிடக்கும். அடுத்த வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள்: குற்றம் நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கவேண்டும்.

ஐயர் பக்கம் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று கேள்வி கேட்பவர்களை அடக்குகிறீர்களே, சங்கீதம் 105:14, 15ஐச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். அங்கே கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் ராஜாக்கள்! காப்பாற்றப்படுகிறவர்கள் நாடோடிகளாய்த் திரிந்த முற்பிதாக்கள்.

குழந்தையைத் தொட்ட விவகாரம் என்றால் மேலே சொன்ன படிகள் எதுவும் கிடையாது. கமிட்டி கூட்டி விசாரிக்காதீர்கள், சமரசம் பேசாதீர்கள். 2012ஆம் வருடத்துப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. பட்டயத்தை (வாளை) துரைத்தனத்தார் (அரசாங்கத்தார்) கையில் தேவன் கொடுத்திருக்கிறார் என்று ரோமர் 13 சொல்வது இதற்கும்தான்.

கர்த்தருக்குள்,
வேதபாட ஆசிரியர்கள்