கரியைச் சுரண்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தச்சு வேலையின் அழகை வாயாரப் புகழ்ந்தது. அந்த வீடுகளில் குடியிருந்தவர்களை ஏனோ மறந்துவிட்டது.

15ஆம் நூற்றாண்டுக் குடியானவர் நாட்குறிப்பு எழுதவில்லை. பண்ணைக் கணக்குகளில் அவர் குத்தகையாகவும் அபராதமாகவும்தான் தலைகாட்டுகிறார். அவர் வீட்டுக் கூரைக்குள் ஏறிப் பார்த்தால் ஆளே தெரிகிறார். கைமரங்கள் கன்னங்கரேலென்றிருக்கும். புகைபோக்கி வருமுன் கூடத்தின் நடுவே தரையில் தீ மூட்டினார்கள். புகை கூரை வரை எழும்பிக் கசிந்தது. வீட்டுக்காரருக்கும் வேலையாளுக்கும் குளிர்காய அந்த ஒரே தீதான். ஆனால் சமத்துவம் என்று எண்ணிவிட வேண்டாம். மரச்சட்டத்தின் நன்றாக இழைத்த முகத்தை வீட்டுத் தலைவர் அமரும் பக்கம் திருப்பி வைத்து, மர ஆணிகளையும் அங்கிருந்தே அடிப்பது தச்சர் வழக்கம். யார் எங்கே உட்கார்ந்தார் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

பிறகு செங்கல் புகைபோக்கி எழுந்தது, கூடத்தை மறித்து மாடி போட்டார்கள், அறைகள் பிரிந்தன. இதை 1953இல் 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று அழைத்த ஆங்கிலேய வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ், அதன் காலத்தை 1570 முதல் 1640 வரை என்று வரையறுத்தார். அந்த வரம்பைப் பலர் மறுத்துவிட்டார்கள். ஆனால் கரி படிந்த கூரைக்குக் கீழே, பின்னால் வந்த, கரி படாத மாடி விட்டம் இருப்பதை யார் மறுப்பது?

என் வருத்தம் வேறு. மணலைப் பீய்ச்சி விட்டங்களைப் பளிச்சென்று ஆக்குவதைக் கட்டுரையாளர் 'புத்துயிர்' என்கிறார். கரியோடு, எந்த மரம் எதோடு சேரும் என்று காட்டத் தச்சர் கீறிய ரோமன் எண்களும் வாய்ச்சித் தடமும் போய்விடும். பட்டையை ஒட்டிய மென்மரம் எல்லாவற்றுக்கும் முதலில் உதிரும். ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிப்பவர்களுக்கு உயிர்நாடியே அதுதான். அன்று ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே வேலைக்கு எடுத்தார்கள். எனவே கடைசி வளையம் தப்பியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டும், அதையொட்டி வீடு எழுந்த காலமும் கிடைத்துவிடும். ஏழைகளின் வீடு ஒரு தலைமுறைகூடத் தாங்காது என்ற பழைய நம்பிக்கையை உடைத்ததில் இந்த வளையங்களுக்குப் பெரும் பங்குண்டு.

தூசு தட்ட மென்மையான தூரிகை போதும். அதற்கு முன்பே, மறைந்த தடுப்புச் சுவரைக் காட்டும் வெற்றுத் துளைகள் உட்பட, எல்லாவற்றையும் அளந்து வரைந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட அளவை வரைபடம் ஒன்றையாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்