குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம். சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைத்து ஒப்புதல் கோருகிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆண்டு விழா குறித்த நாளில் நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. மரக்கன்றுகள் நடப்பட்டன, கூண்டு வைத்தவை பிழைத்தன. தெருவிளக்குப் புகார்கள் எழுத்துமூலம் தரப்பட்டன; பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டன. மறைந்த உறுப்பினர்களின் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

சாலைப் பணி

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதியைச் சாலைப் பணிதான் எடுத்துக்கொண்டது. கேள்விகளும் அதைப் பற்றித்தான் அதிகம் வந்தன. குண்டும் குழியுமாகக் கிடக்கும் தெருக்கள் இருக்க, பார்வைக்கு நன்றாக இருக்கும் தெருக்களுக்கு ஏன் முதலில் மனு கொடுத்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். சிலர் அதையே காரணம் காட்டிச் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இதற்கு விரிவாகப் பதில் சொல்வது என் கடமை.

அடித்தளம் வரை கெட்டுப்போன சாலையைத் தோண்டி எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். இந்த ஆண்டு போட்டாலும் அடுத்த ஆண்டு போட்டாலும் வேலையின் அளவு ஏறக்குறைய அதேதான். ஆனால் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும் சாலை அப்படிக் காத்திருக்காது. இன்று வெடிப்பை அடைத்தால் முடிந்துவிடுகிற வேலை, இரண்டு மழைக்காலம் கழிந்தால் முழுச் சாலையையும் பெயர்த்துப் போடும் வேலையாகிவிடும். பேரூராட்சியின் பராமரிப்புத் தலைப்பில் இருக்கும் சிறு தொகையை முழுதும் கெட்ட ஒரே தெருவில் கொட்டினால், நல்ல நிலையில் இருக்கும் பத்துத் தெருக்கள் அந்த நிலைக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு மனுக்களைத் தனித்தனியாகக் கொடுத்தோம். வெடிப்பு அடைப்பு, பள்ளத்தை வெட்டி நிரப்பும் பேட்ச் வேலை, வடிகால் தூர்வாருதல் ஆகியவை பராமரிப்பு நிதியில். கெட்டுப்போன தெருக்கள், புதிதாகப் போடும் வேலைகளுக்கான மூலதன நிதியில், அல்லது மேலிருந்து வரும் மானியத்தில். இரண்டாவது மனுவைச் சங்கம் ஒரு நாளும் கைவிடவில்லை. அதற்கான நடைமுறை நீளமானது, அவ்வளவுதான்.

சாலையைக் கெடுப்பது முதலில் தண்ணீர். வெடிப்பு வழியாக இறங்கும் நீர் அடியிலுள்ள ஜல்லித் தளத்தையும் மண்ணையும் ஊறவைக்கிறது. மேலே சக்கரம் ஏறும்போது அந்த நீர் அழுத்தப்பட்டு, நுண்மண்ணையும் இழுத்துக்கொண்டு வெடிப்பு வழியாகவே வெளியே பீய்ச்சுகிறது. மழை விட்டதும் வெடிப்பு ஓரமாக வெளுத்த சேறு படிந்திருந்தால், அங்கே அடித்தளம் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே வெற்றிடம் உண்டானதும் மேல்தளம் உடைந்து பள்ளமாகிறது. 1816-இல் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பேற்ற ஜான் மெக்காடம் வலியுறுத்தியதும் இதைத்தான்: பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள மண், அது காய்ந்திருக்கும்வரை சாலை நிற்கும். இருநூறு ஆண்டுகள் கழித்தும் இந்த ஒரு விஷயத்தில் எதுவும் மாறவில்லை.

எனவே மனுவில் முதல் வரியாக வடிகாலை வைத்தோம். வடிகாலை நீர் வெளியேறும் கடைவாயிலிருந்து மேல்நோக்கித் தூர்வார வேண்டும். மேலே தொடங்கினால் வண்டல் கீழே போய் அடைத்துக்கொள்ளும். அள்ளிய வண்டலை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். கரையில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கிவிடும். பல இடங்களில் வடிகால் சுத்தமாக இருந்தும் சாலை நீர் அதற்குள் போவதில்லை. காரணம், சாலையோர மண் தார்த்தளத்தைவிட உயர்ந்து வரப்புபோல நிற்கிறது. அந்த வரப்பை வெட்டிச் சரிவு கொடுப்பதற்கு மண்வெட்டியும் இரண்டு ஆட்களும் போதும். இந்த ஆண்டு நாம் கேட்டவற்றுள் மிகக் குறைந்த செலவில், மிக அதிகப் பலன் கொடுத்த வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வெடிப்பு அடைப்பதிலும் ஒரு பாகுபாடு உண்டு. தனித்தனியாக ஓடும் வெடிப்புகளைக் காற்றடித்துத் தூசி போக்கி, ஈரமில்லாத நாளில் சூடான ரப்பர் கலந்த தாரை ஊற்றி அடைக்கலாம். முதலைத்தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அடைத்துப் பயனில்லை. அங்கே அடித்தளமே தோற்றுவிட்டது. தோண்டித்தான் ஆக வேண்டும். சங்கத்தின் சாலைப் பதிவேட்டில் இவ்விரண்டையும் தனித்தனிக் குறியிட்டுக் கொடுத்ததால் பொறியாளர் பிரிவுக்கு மதிப்பீடு தயாரிப்பது எளிதாயிற்று.

பேட்ச் வேலை நடந்த நாட்களில் உறுப்பினர்கள் உடனிருந்து பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். என்ன பார்க்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். பள்ளத்தின் வடிவம் எப்படியிருந்தாலும், சுற்றிலும் கெட்டியான தளம் வரும்வரை செவ்வகமாக வெட்ட வேண்டும். வெட்டின் பக்கங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிவாக விட்டால் ஓரத்தில் கலவை மெலிந்து முதலில் அங்கேதான் பெயரும். நீரையும் தளர்ந்த ஜல்லியையும் முழுதும் எடுத்துவிட்டு, அடியிலும் பக்கங்களிலும் ஒட்டுத்தார் மெல்லியதாகப் பூச வேண்டும். குளம் கட்டினால் வெயிலில் அது மேலே கசியும். ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமென்றால் இரண்டு அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். முடிவில் பக்கத்துத் தளத்தைவிடச் சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். வண்டி ஓட ஓட அது படியும். சமமாக முடித்தால் சில வாரங்களில் தாழ்ந்து மறுபடியும் நீர் தேங்கும்.

அளவைச் சரிபார்ப்பதும் கடினமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பு, 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் தாரும் ஜல்லியும் சூடாகக் கலந்த சூட்டுக்கலவை, இறுகிய நிலையில், சுமார் 115 கிலோ வேண்டும். மூட்டையில் வரும், சூடாக்காமலே போடும் குளிர்கலவையானால் 25 கிலோ மூட்டை நான்கைந்து செல்லும். இரண்டு மூட்டையில் வேலை முடிந்துவிட்டது என்றால், ஒன்று வெட்டாமல் கொட்டியிருக்கிறார்கள், அல்லது அடியை மண்ணால் நிரப்பியிருக்கிறார்கள். சூட்டுக்கலவை தார்ப்பாய் மூடித்தான் வர வேண்டும். ரோலர் ஓட்டி முடிப்பதற்குள் சூடு சுமார் 90 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் பிறகு எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. தொலைவிலிருந்து வரும் லாரி, வழியில் நிற்கும் லாரி, மேகமூட்டமான மாலை ஆகிய மூன்றும் சேர்ந்த அன்று போட்ட தளம்தான் சீக்கிரம் சொரசொரத்து ஜல்லி உதிர்கிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 1990-களில் வட அமெரிக்காவில் பள்ளம் அடைக்கும் முறைகளை ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வில், தரமான கலவை கிடைத்த இடங்களில், கொட்டி லாரிச் சக்கரத்தால் உருட்டும் எளிய முறையும் வெட்டிச் செய்யும் முறைக்கு ஈடாக நின்றது. ஆகவே மழைக்கால அவசரத்தில் கொட்டி உருட்டுவதைச் சங்கம் எதிர்க்கவில்லை. கலவையின் தரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

குழாய்க்காகச் சாலையை வெட்டுவது இரண்டாவது பெரிய தலைவலி. வெட்டிய மண்ணையே ஒரே வீச்சில் தள்ளி மேலே தார் பூசினால், ஒரு மழைக்குள் அந்தக் கோடு அமிழும். 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக, ஈரப்பதம் பார்த்து, அதிர்வுத் தட்டால் இறுக்கி வர வேண்டும். நீர் ஊற்றி அமரவிடுவது சுத்தமான மணலுக்குச் சரி. களிமண்ணுக்கு அது கேடு. மேல்தளத்தை வெட்டின் இருபுறமும் குறைந்தது 15 சென்டிமீட்டர் அகலப்படுத்தி, அசையாத தளத்தின்மேல் அமரும்படி போட வேண்டும். புதுச்சாலைக்கு மதிப்பீடு தயாராகும் முன்பே குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் ஆகிய நான்கு தரப்பிடமும் திட்டம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். வெட்டுபவர்கள் கட்டும் மறுசீரமைப்புத் தொகை பொது நிதியில் கரையாமல் சாலைத் தலைப்பிலேயே நிற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

பழைய தளத்தின்மேலேயே புதுத் தளம் போடுவதை எதிர்த்தோம் என்று சிலருக்கு வருத்தம். ஒவ்வொரு முறையும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறினால், நான்காவது முறை சாலை வீட்டு வாசற்படிக்கு மேல் நிற்கும். வடிகால் வாயும் மூடிகளும் புதைந்துபோகும். மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. போடும்போது நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை சதவீதச் சரிவு வேண்டும். ஆறு மீட்டர் அகலச் சாலையில் நடு, ஓரத்தைவிட ஏழரை சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இதைப் பார்க்க நூலும் மட்டக்குழாயும் போதும்.

கனரக லாரிகளைப் பற்றிய தீர்மானமும் அனுப்பப்பட்டது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் செய்த சோதனையிலிருந்து கிடைத்த கணக்குப்படி, சாலைக்கு நேரும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்காக ஏறுகிறது. பாரம் இரட்டித்தால் சேதம் சுமார் 16 மடங்கு. 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினாலே இரண்டு மடங்கு. உள்தெருக்களில் அதிகபாரத்தைத் தடுக்க ஒரு கம்பியும் பலகையும் நடுவது, புதுத் தார் போடுவதைவிடச் சிக்கனம்.

நிதியும் நடைமுறையும்

புகார் கொடுத்தும் வேலை நடக்கவில்லையே என்பவர்கள் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கள அளவு, மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, மேலதிகாரி சரிபார்க்கும் மேலளவு, பணம் வழங்குவதற்கான பட்டியல். இவற்றில் எது தடைபட்டாலும் மாதங்கள் ஓடும். மழை முடிந்து பள்ளத்தைப் பார்த்துக் கொடுக்கும் மனு, நிதியாண்டின் கடைசியில்தான் பணி ஆணையாகும். அப்போது எல்லா ஊர்களிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் தார் கேட்பார்கள். அவசரத்தில் போட்ட தளத்தின் கதியை நாம் பார்த்திருக்கிறோம். வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்பே தெருவாரியாக நீளம், அகலம், சேதத்தின் வகை குறித்த பட்டியல் மேசையில் இருக்க வேண்டும். சங்கத்தின் சாலைப் பதிவேடு அதற்காகவே தொடங்கப்பட்டது.

சிறு பள்ளங்களுக்குத் தனித்தனி ஒப்பந்தம் என்றால் யாரும் வருவதில்லை. ஆண்டு முழுதுக்கும் ஒரே விகித ஒப்பந்தம் போட்டு, தேவைப்படும்போது சதுர மீட்டர் கணக்கில் வேலை வாங்குவதே வழி. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதியைத் தெருவாரியாகப் பதிவேட்டில் குறித்திருக்கிறோம். அந்தத் தேதிக்கு முன் புகார் எழுத்தில் போனால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். பிடித்தம் செய்த காப்புத்தொகை அதற்குத்தான் இருக்கிறது. தேதி கடந்துவிட்டால் அதே பள்ளத்துக்கு மக்கள் வரிப்பணம் இரண்டாம் முறை போகும். இந்த ஆண்டு ஒரு தெருவில் அப்படித்தான் ஆயிற்று. அளவெடுத்துத் தருவதாக ஏற்றுக்கொண்ட உறுப்பினர்கள் வரவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை. நினைக்கும்போது இன்னும் மனம் வேகிறது.

வார்டுக் கூட்டத்தில் நம் தெருக்களின் பட்டியல் எடுக்கப்பட்டபோது, பேச வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றப் பகுதியினர் திரண்டு வந்திருந்தார்கள். அவர்கள் பட்டியல் முன்னுக்குப் போனது. அதில் யாரையும் குறைசொல்ல முடியாது.

கணக்கு

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு போதுமான அளவில் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டைவிடக் குறைவு. அளவு நாடா, நகல், பயணம் ஆகியவற்றுக்கான செலவு அனைத்துக்கும் ரசீது உண்டு. சந்தா பாக்கி வைத்திருப்போர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. என் தெருவுக்குச் சாலை வந்தால் தருகிறேன் என்ற பதிலைப் பலமுறை கேட்டேன். சங்கம் சாலை போடுவதில்லை. போட வேண்டியவர்களைப் போட வைக்கும் தாளும் நடையும்தான் சங்கத்தின் செலவு. அது சந்தாவிலிருந்துதான் வருகிறது.

நன்றி

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கூட்டத்துக்கு இடம் தந்தவர்கள், மனுக்களைப் பொறுமையுடன் வாங்கிப் பார்த்த அலுவலர்கள், வெயிலில் தார் போட்ட தொழிலாளர்கள் அனைவருக்கும் நன்றி. தாருக்கு அருகே நின்றவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். இந்த ஒரு நன்றியை மட்டும் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

வரும் ஆண்டு

பதிவேட்டைத் தனியொருவராக நடத்த முடியாது. ஒரு தெருவுக்கு ஒருவர் வேண்டும். முதல் கனமழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் தன் தெருவை ஒருமுறை நடந்து, நீர் எங்கே நிற்கிறது, எங்கே சேறு பீய்ச்சுகிறது, எந்த வடிகால் வாய் இழுக்கவில்லை என்று சுண்ணக்கட்டியால் குறியிட்டுப் படம் எடுத்துத் தர வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. இதற்கு ஆள் கிடைத்தால் பட்டியலை வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் கொடுத்துவிடலாம். கிடைக்காவிட்டால், செயலாளர் பொறுப்புக்கு இந்தக் கூட்டம் வேறு ஒருவரைப் பரிசீலிப்பதில் எனக்கு வருத்தமில்லை. பதிவேட்டை முழுமையாக ஒப்படைப்பேன். தெருவாரியாகப் பெயர் எழுதும் தாளும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே மேசையில் இருக்கின்றன. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்