மீட்பு நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள்: தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, பல்கலைக்கழகம் என டெராபைட் கணக்கில் தரவு சேர்ந்துவிட்ட நிறுவனங்களில், பேரிடர் மீட்புத் திட்ட ஆவணத்தில் கையெழுத்திடுபவர்கள் நீங்கள். அந்தத் தரவுத்தளங்களைப் பராமரிப்பவர்கள் பக்கமிருந்து இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் ஆவணத்தில் "சேவை மீளும் நேரம்: 4 மணி" என்பது போல ஒரு வரி இருக்கும். பல இடங்களில் அது பழைய டெண்டரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வரி. ஒரு ரீஸ்டோரை (பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவதை) முழுதாக ஓட்டிப் பார்த்து எழுதியது அல்ல. பேக்கப் ஒழுங்காக முடிகிறதா என்று மாதாந்திரக் கூட்டத்தில் தவறாமல் கேட்கிறீர்கள். அதைத் திரும்ப ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

அந்த 4 மணி நேரத்தை முதலில் ஒரு வகுத்தல் கணக்கில் வைத்துப் பாருங்கள். பேக்கப் கோப்பு 2 டெராபைட். அது வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. இடையில் இருப்பது 1 ஜிகாபிட் இணைப்பு. ஏட்டளவில் அதன் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட். வேறு எந்தப் போக்குவரத்தும் இல்லாமல் அந்த உச்சத்திலேயே ஓடினாலும் கோப்பு வந்து சேரவே 16,000 நொடி, அதாவது ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். தரவுத்தள மென்பொருள் ஒரு பைட்டைக்கூடத் தொடுவதற்கு முன்பே நீங்கள் கையெழுத்திட்ட நேரம் கடந்துவிடுகிறது. கிளவுடில் மலிவான ஆழ்காப்பகத்தில் போட்டு வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வழக்கமான முறையில் கேட்டால் கோப்பு படிக்கக் கிடைப்பதற்கே 12 மணி நேரம் வரை ஆகலாம். சேமிப்புச் செலவைக் குறைத்த அந்த முடிவையும் மீட்பு நேரத்தைக் குறித்த இந்த வரியையும் ஒரே கை எழுதியிருக்கக் கூடும் என்பதுதான் வேடிக்கை.

இது கற்பனை ஆபத்து அல்ல. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் சேமிப்புச் சேவை வழங்கும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளக் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப், சர்வரின் பதிப்பு 9.6 ஆகவும் பேக்கப் கருவியின் பதிப்பு 9.2 ஆகவும் இருந்ததால், சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. சோதனைச் சூழலில் தற்செயலாக இருந்த ஆறு மணி நேரப் பழைய நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. அந்நிறுவனமே வெளியிட்ட விரிவான அறிக்கையைப் படித்தவர்கள் பெரும்பாலும் செயல்படாத பேக்கப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உறுத்தியது வேறு: அந்த நகலை உரிய இடத்துக்குக் கொண்டுவர மட்டும் ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. சோதனைச் சூழலின் டிஸ்க்குகள் மலிவான வகை. நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாபிட் அளவுக்கு அவற்றின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பேக்கப்பை எங்கே, எந்த டிஸ்க்கில் வைக்கிறோம் என்பதும் மீட்பு நேரத்தின் ஒரு பகுதி என்று உங்களிடம் நாங்கள் வாதாடும்போது மனத்தில் இருப்பது இதுதான்.

ரீஸ்டோர் மெதுவாக ஓடும்போது உங்கள் அறையிலிருந்து வழக்கமாக வரும் உத்தரவு, "பெரிய சர்வர் வாங்குங்கள்" என்பது. வாங்குவதற்கு முன் ஓடுகிற சர்வரை ஐந்து நிமிடம் கவனித்தாலே போதும். பதினாறு கோர் உள்ள இயந்திரத்தில் ஒரே ஒரு கோர் மட்டும் நூறு சதவீதத்தில் நின்று, மற்றவை சும்மா கிடந்தால், வேலை ஒற்றை வரிசையில் ஓடுகிறது என்று பொருள். ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பை விரிப்பதோ, ஒற்றை இழையில் இயங்கும் ஏற்றுமுறையோ காரணமாக இருக்கலாம், அங்கே முப்பத்திரண்டு கோர் வாங்கினாலும் பயனில்லை. டிஸ்க்கின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையில் பயன்பாடு நூறைத் தொட்டு நின்றால் தடை டிஸ்க்கில் இருக்கலாம். இரண்டுமே அமைதியாக இருந்தும் வேலை நகரவில்லை என்றால் நெட்வொர்க்கையோ, ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் உறுதியாகும்வரை காத்திருக்கும் தாமதத்தையோ சந்தேகிக்க வேண்டும். எந்தத் தடை என்று தெரியாமல் செய்யும் செலவு வீண்.

பேக்கப் எடுக்க ஆன நேரமே திரும்ப ஏற்றவும் ஆகும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பிஜி_டம்ப் என்ற பேக்கப் கருவி எடுக்கும் நகலில், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்கள் இருப்பதில்லை. அவற்றை உருவாக்கும் கட்டளை வரி மட்டுமே இருக்கும். ரீஸ்டோரின்போது ஒவ்வொரு டேபிளும் நிரம்பிய பிறகு, கோடிக்கணக்கான வரிகளைப் படித்து, வரிசைப்படுத்தி, இன்டெக்ஸை முதலிலிருந்து கட்ட வேண்டும். அதன் பின், டேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் அயல்விசைகள் சரிபார்க்கப்படும். அந்த நகலையும் சாதாரண எஸ்கியூஎல் உரையாக எடுத்து வைத்திருந்தால் அது ஒற்றை வரிசையில்தான் ஏறும். கஸ்டம் வடிவிலோ டைரக்டரி வடிவிலோ எடுத்திருந்தால்தான் பிஜி_ரீஸ்டோர் கருவி பல வேலையாட்களைக் (ஒரே நேரத்தில் ஓடும் துணைச் செயல்முறைகளைக்) கொண்டு இணையாக ஏற்ற முடியும். மீட்பு வேகம் பேக்கப் எடுத்த அன்றே முடிவாகிவிடுகிறது. பேரிடர் நாளில் எவ்வளவு திறமையான ஆளைக் கூப்பிட்டாலும் உரைக் கோப்பை டைரக்டரி வடிவாக மாற்றித் தர அவரால் முடியாது. இணையாக ஏற்றினாலும் ஒரு வரம்பு உண்டு: மொத்தத் தரவில் பாதி ஒரே டேபிளில் இருந்தால், பகுக்கப்படாத அந்த டேபிளின் தரவை ஒரு வேலையாள்தான் ஏற்றுவார், மற்ற பதினைந்து பேரும் தங்கள் பங்கை முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி எடுக்கும் நகலுக்கும் இதே ஒற்றை வரிசைச் சிக்கல்தான். 8.0.21 பதிப்போடு வந்த மைஎஸ்கியூஎல் ஷெல்லின் டம்ப், லோட் வசதிகள் பெரிய டேபிளையும் துண்டு துண்டாக்கி இணையாக ஏற்றும். அந்த வசதி வந்து ஆண்டுகள் பலவாகியும் பழைய ஸ்கிரிப்டை மாற்ற அனுமதி கேட்டு அனுப்பிய கோப்புகள் உங்கள் மேசையில் தூங்குகின்றன.

இன்னொன்று, அவசரத்தில் எழுப்பப்படும் புதிய சர்வர் பெரும்பாலும் தொழிற்சாலை அமைப்புகளோடே இருக்கும். போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் கட்டுவதற்கான நினைவகம் இயல்பாக 64 எம்பி. மைஎஸ்கியூஎல்லில், தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இன்னோடிபியின் பஃபர் பூல் 128 எம்பி. 256 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரம் இந்தச் சிறிய எண்ணில் மாட்டிக்கொண்டு திணறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் லாக்கில் "செக்பாயின்ட்கள் அடிக்கடி நிகழ்கின்றன" என்ற எச்சரிக்கை வரிசையாக வந்தால், நினைவகத்தில் மாறிய தரவை டிஸ்க்கில் எழுதும் இரு செக்பாயின்ட்களுக்கு இடையே சேரும் மாற்ற லாக்கின் 1 ஜிபி என்ற இயல்பு வரம்பை உயர்த்தச் சொல்கிறது என்று பொருள். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ரீஸ்டோர் நெடுநேரம் பூஜ்ஜியம் சதவீதத்திலேயே நின்றால் அது உறைந்துவிட்டதென்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அது தரவுக் கோப்பு முழுவதையும் பூஜ்ஜியங்களால் நிரப்பிக்கொண்டிருக்கலாம். சேவைக் கணக்குக்கு வால்யூம் பராமரிப்பு உரிமையை முன்கூட்டியே கொடுத்திருந்தால் தரவுக் கோப்புகளுக்கு அந்த வேலை தேவைப்படாது. லாக் கோப்பு மட்டும் அப்போதும் பூஜ்ஜியங்களால் நிரப்பப்படும். அளவுக்கு மீறி வீங்கிய லாக் கோப்பு மீட்பை இழுத்தடிப்பது அதனால்தான்.

போஸ்ட்கிரெஸில் அடிப்படை நகலும் அதற்குப் பிந்தைய வால் (WAL) லாக்குகளும், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கோப்புகளும், கொண்டு குறிப்பிட்ட நிமிடத்துக்கு மீட்பவர்கள் இவற்றிலிருந்து தப்பினாலும் வேறொன்றில் சிக்குகிறார்கள். வால் கோப்பு ஒவ்வொன்றும் இயல்பாக 16 எம்பி. ஒரு வாரத்துக்கு முந்தைய அடிப்படை நகலின் மேல் 1 டெராபைட் லாக் சேர்ந்திருந்தால் 65,536 கோப்புகள். தொலைவிலுள்ள சேமிப்பகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவர ஒரு நொடி ஆனால் காத்திருப்பே 18 மணி நேரத்துக்கு மேல். வாராந்திர நகலைத் தினசரியாக்குவதும், கோப்புகளை முன்கூட்டியே இணையாக இழுத்துவரும் கருவியை வைப்பதும் இங்கே பெரிய சர்வரைவிட அதிகம் உதவும்.

ரீஸ்டோர் "முடிந்தது" என்று திரையில் வந்த பிறகும் கடிகாரத்தை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் 18-க்கு முந்தைய பிஜி_டம்ப் நகல்களில் வினவல் திட்டமிடலுக்கான புள்ளிவிவரங்கள் வருவதில்லை. அவற்றைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டாமல் செயலியைத் திறந்தால், நொடிக்குள் முடியும் வினவல் நிமிடக் கணக்கில் ஓடி, தரவு பழுதாகிவிட்டதோ என்ற பீதியைக் கிளப்பும். கிளவுட் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டிஸ்க்கின் ஒரு கணத்து நகலிலிருந்து) எழுப்பிய டிஸ்க்கும் அப்படியே. நிமிடங்களில் தயார் என்று காட்டும். ஆனால் அமேசானின் டிஸ்க் சேவையான இபிஎஸ்ஸில் ஒவ்வொரு பிளாக்கும் முதன்முறை தொடப்படும்போதுதான் பின்னாலிருந்து வந்து சேரும். வரவேற்பறையில் நோயாளியின் பதிவு எண் திரையில் வரும் கணமே உங்கள் மீட்பு நேரத்தின் முடிவு.

ஆகவே எங்கள் கோரிக்கை இது: உற்பத்திச் சூழலில் உள்ள அதே வகை டிஸ்க்குடன் ஒரு சோதனைச் சர்வரை ஒதுக்குங்கள், காலாண்டுக்கு ஒருமுறை, கடைசிப் பேக்கப்பிலிருந்து முழு ரீஸ்டோரை ஓட்ட எங்கள் பணி நேரத்தில் இடம் கொடுங்கள். கோப்பு வந்து சேர, விரிய, தரவு ஏற, இன்டெக்ஸ் கட்ட, செயலி திறக்க என ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே குறித்து உங்களிடம் தருகிறோம். கூட்டுத்தொகை 11 மணி நேரம் என்று வந்தால் ஆவணத்திலும் 11 என்றே எழுதுங்கள். அதை 4 ஆக்க வேண்டுமென்றால் எதற்குச் செலவிடுவது என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசலாம். அடுத்த புதுப்பிப்புக்கு ஆவணம் உங்கள் மேசைக்கு வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்