அடிக்குறிப்பு அம்மாள் எழுதிக்கொள்வது

அடியே கொடுக்கு,

நீ திட்டி அனுப்பிய மூன்று வரியும் கிடைத்தது. ஏழு மாத மௌனத்துக்கு அது குறைவுதான். ஆனாலும் மூன்றாவது வரியில் இருக்கும் அந்த வார்த்தையை ஒரு தலைமையாசிரியை எழுதலாமா? பிள்ளைகள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

நலம்தான். முழங்கால் பழையபடி. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிகிற நாளும் தெரியாத நாளுமாக ஓடுகிறது. அதைத் தனியாக எழுதுகிறேன். மூக்குக்குப் பேத்தி பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்லிவிட்டேன். குழந்தைக்கும் அது வந்திருக்கிறதா என்று நீதான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எழுதாததற்குக் காரணம் வேலை என்றால் நம்பமாட்டாய். இப்போது எழுத உட்கார்ந்திருப்பதும் வேலையால்தான். ஒரு வாக்கியம், டி. எட்டே சொல். அதை வைத்துக்கொண்டு பத்து நாளாக அல்லாடுகிறேன்.

போன தடவை பார்த்தபோது கேட்டாயே, "அது தூதரகமா, கம்பெனியா, காலேஜா? எதுலடி குப்பை கொட்டுற?" என்று. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். மூன்றும் இல்லை. எந்த நாடு, எந்த அமைச்சகம் என்று இங்கே எழுதமாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தெரியும், போதும். அரசு பணம் கொடுத்து நடத்துகிற ஆராய்ச்சி மையம், ஆனால் அரசு அலுவலகம் இல்லை. வெளியுறவு அமைச்சகம் எங்களிடம் கேள்வி கேட்கும். நாங்கள் அதன் உள்ளே போய்ப் பார்த்து, பதில் எழுதித் தருவோம்.

இந்த வார்ப்பு அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்காகத் திரட்டிய விஞ்ஞானிகளைப் போர் முடிந்ததும் கலைத்துவிட அரசுக்கு மனசில்லை. அரசுச் சம்பளத்தில் உட்காரவைக்கவும் முடியாது. எனவே வெளியே ஒரு வீடு கட்டி, வாடகையை அரசே கொடுத்துவிடுவது என்று ஆயிற்று. ராண்ட் என்கிற ஆராய்ச்சி நிறுவனம் அப்படித்தான் வந்தது. 1946-இல் விமானப் படைக்காக டக்ளஸ் விமான நிறுவனத்துக்குள்ளே தொடங்கினார்கள். விமானம் விற்கிறவன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த விமானம் வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னால் யார் நம்புவார்கள்? 1948-இல் தனியே பிரித்துவிட்டார்கள். நாசாவுக்காகக் கால்டெக் பல்கலைக்கழகம் நடத்தும் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் இதே சாதிதான். இன்றைக்கு அங்கே இப்படி 40-க்கும் மேல் இருக்கின்றன.

விதி எளிது. அரசு மையத்திடம் சொல்வது இதுதான்: அரசின் உள்காகிதங்களைச் சாதாரண ஒப்பந்தக்காரருக்குக் காட்டாத அளவுக்கு உனக்குத் திறந்து காட்டுவோம். பதிலுக்கு நீ எதையும் விற்கக் கூடாது, தனியாரோடு போட்டிக்குப் போகக் கூடாது, எங்களுக்குப் பிடிக்காததையும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் ஒரு தடவைக்கு ஐந்து வருடத்துக்கு மேல் கிடையாது. முடியும்போது, இந்த மையம் இன்னும் தேவையா என்று மறுஆய்வு. எங்கள் மையமும் இந்த அச்சில் வார்த்ததுதான். அந்த ஐந்து வருடத்தை மனதில் வை, பின்னால் வரும்.

இந்த மையங்களில் பெரும்பாலானவை ராணுவத்துக்கும் அணுவுக்கும் விண்வெளிக்குமாகப் பிறந்தவை. வெளியுறவுக்காரர்கள் பக்கம் வெகு தாமதம். பேசுகிற தொழிலுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்ற எண்ணம்தான். அதில் நியாயமும் இருக்கிறது. அதே 1946-இல், பிப்ரவரி 22 அன்று, மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் 5,000 சொல்லுக்கு மேல் ஒரே தந்தி அடித்தார். சோவியத் பற்றிய அமெரிக்காவின் பார்வையையே அது திருப்பிவிட்டது. மறு வருடம் வெளியுறவுத் துறைக்குள்ளேயே கொள்கை திட்டமிடும் குழு ஒன்று அமைத்து அவரையே தலைவராக்கினார்கள். விமானப்படைக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடமே தேவைப்பட்ட காலத்தில், வெளியுறவுக்கு ஒரு நல்ல மூளையும் தந்திக் கருவியும் போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை. (பெரிய மேடம் கென்னனை நடத்திய அழகு ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு வகுப்பில்தான் நீ தூங்கவில்லை.)

மூளை இருந்தது. கருவிதான் அங்கேயே நின்றுபோயிற்று. 2001-இல் காலின் பவல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக வந்தபோது செய்த பெரிய வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு மேஜைக்கும் இணையம் உள்ள கணினி கொண்டுவந்தது. 40,000-க்கும் மேல் வாங்கினார்கள். 2001-இல், டி! அப்போது நாமே கணினி மையத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தோம். பிறகு எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று தூதரகங்கள் அனுப்பும் தந்திகளைப் பகிரத் தொடங்கினார்கள். 2010-இல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் கைக்கு 2,50,000-க்கும் மேல் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்து எந்த நாட்டு அமைச்சகமானாலும் இதே இழுபறி: பகிர்ந்தால் கசியும், பகிராவிட்டால் பக்கத்து அறைக்கே தெரியாது. இந்த இழுபறியை அறுக்க உள்ளே இருப்பவர்களுக்கு நேரமில்லை, வெளியே இருக்கும் கம்பெனிக்கு விற்க ஒரு பெட்டி இருக்கிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையே தனக்கும் இப்படியொரு மையம் வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தது.

"மத்த நாட்டுல இல்லியா?" என்பாய். இருக்கிறது, வேறு வேறு உருவில். மால்டா அரசும் சுவிஸ் அரசும் சேர்ந்து 2002-இல் டிப்லோ என்ற அறக்கட்டளையை அமைத்தன. சின்ன நாட்டுத் தூதர்களுக்கு இணையமும் எண்மத் தொழில்நுட்பமும் கற்றுத் தருவது அதன் பெரிய வேலை. ஜெர்மனியில் 1962-இல் தொடங்கி, இப்போது அரசு நிதியில் நடக்கும் எஸ்.டபிள்யூ.பி. என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆனால் அந்த வகை நிறுவனங்கள் பெரும்பாலும் என்ன நிலைப்பாடு எடுக்கலாம் என்று சொல்பவை. எடுத்த நிலைப்பாடு யாருடைய மேஜையில் எந்தக் கோப்புக்கு அடியில் கிடக்கிறது என்று தேடுவது வேறு வேலை. மரியாதை குறைந்த வேலை. எனக்கு வாய்த்தது அதுதான்.

அதில் சுவாரஸ்யமே இல்லை என்று நினைக்காதே. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையை மனப்பாடம் செய்தோமே, தூதரகத்தின் ஆவணங்கள் எந்த நேரத்திலும் எங்கே இருந்தாலும் தொடக்கூடாதவை என்று. ஆவணம் என்றால் அன்றைக்குக் காகிதம். இன்றைக்கு அது இன்னொரு நாட்டில் இருக்கும் கணினிக்குள் கிடந்தால்? எஸ்தோனியா 2007-இல் பெரிய இணையத் தாக்குதல் பட்ட நாடு. தன் அரசின் முக்கியத் தரவுகளின் நகலை வெளிநாட்டில் வைக்க முடிவு செய்து 2017-இல் ஒப்பந்தம் போட்டது. அந்தக் கணினிகள் இருக்கும் இடத்துக்குத் தூதரகத்துக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு. தூதர் கிடையாது, கொடி கிடையாது, விருந்து கிடையாது. குளிரூட்டிய அறையில் இயந்திரங்கள் மட்டும். பெயரே தரவுத் தூதரகம். வியன்னா உடன்படிக்கையில் இதற்கு நேரடியான இடம் இல்லாததால் தனி ஒப்பந்தமே எழுத வேண்டி வந்தது. எந்த நாட்டோடு ஒப்பந்தம் என்று நினைக்கிறாய்?

லக்சம்பர்க்! காலேஜ் மாதிரி ஐ.நா. சபையில் நம் பெயர்ப்பலகையில் இருந்த அதே நாடு.

படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரருக்கு எப்படி விளக்குவது? "மாண்புமிகு லக்சம்பர்க், நீங்கள் ஆதரவா எதிர்ப்பா?" "ஐயா, நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம்."

சரி, வாக்கியத்துக்கு வருகிறேன்.

அமைச்சகம் எங்களிடம் கேட்டது இது: தூதரகங்களிலிருந்து வரும் தகவல் நான்கு இடத்தில் சிதறிக் கிடக்கிறது, அதையெல்லாம் படித்துச் சுருக்கித் தர ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி வேண்டும், எப்படிப்பட்டது வாங்கலாம் சொல்லுங்கள். நான் மூன்று நாள் ஓர் இளம் அதிகாரியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இதற்கு எங்கள் அறிக்கைகளில் பெரிய பெயர் ஒன்று உண்டு. உள்ளபடி பார்த்தால் வேடிக்கை பார்ப்பதுதான். இரண்டாம் நாள் காலை அந்தப் பெண் வேறொரு நாட்டுத் துணை அமைச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தது: "சிரித்துக்கொண்டே மறுத்தார். வாசல்வரை வந்தார். தேர்தல் முடியட்டும், அப்புறம் கேளுங்கள் என்றார்."

உட்கார்ந்து தந்தி எழுதினாள் (இன்னும் தந்தி என்றுதான் சொல்கிறார்கள்). "தற்போது இசைவு தெரிவிக்கவில்லை; தேர்தலுக்குப் பின் மீண்டும் பேச வாய்ப்புண்டு எனக் குறிப்புணர்த்தினார்." வாசல் போயிற்று, சிரிப்பும் போயிற்று. அடுத்து அமைச்சருக்கான குறிப்பு, அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது: "தற்போது இசைவில்லை." அடுத்து வாரச் சுருக்கம்: "முன்னேற்றம் இல்லை." கடைசியாக அட்டவணை. அதில் எழுத இடமே கிடையாது, ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுக்க வேண்டும். சிவப்பு கொடுத்தாள். மணி மாலை ஆறரை. துணை அமைச்சரோடு பேசியது நாற்பது நிமிஷம், டி.

மூன்று வருடத்தில் அவள் மாற்றலாகிப் போய்விடுவாள். அடுத்து வருபவர் அந்த நாட்டைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்புக் கட்டம். வாசல்வரை வந்து வழியனுப்பிய மனிதர் குறிப்பேட்டோடு போய்விட்டார். இதன் மேல் எந்தக் கருவியை உட்காரவைத்தால் என்ன? இல்லாததை அது எங்கிருந்து சுருக்கும்?

கருவியே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. நூறு வருடத்து உடன்படிக்கைகளில் ஒரு சொல் எங்கெங்கே எப்படி மாறியது என்று தேட அதை வைத்துக்கொண்டு நானே நடுராத்திரிவரை விளையாடியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அது இல்லை, அவ்வளவுதான். எனவே பதினோராம் பக்கத்தில் எழுதினேன்: "நான்கு படிவங்களில் மூன்றை நிறுத்திவிடலாம், புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை."

உள் மதிப்பாய்வுக்குப் போனது. இப்படித் திரும்பி வந்தது: "படிவங்களை ஒருங்கிணைப்பதற்கான வாய்ப்புகளை, பொருத்தமான மென்பொருள் தீர்வுகளுடன் சேர்த்து, வருங்காலத்தில் ஆராயலாம்."

நான் போய்க் கேட்டேன். எங்கள் தலைவர் கெட்டவர் இல்லை, எனக்காகப் பலமுறை நின்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "அடுத்தது மறுஆய்வு வருடம்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அமைச்சகத்தில் யாரும் அழுத்தம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவர்கள் இன்னும் அந்த வாக்கியத்தைப் பார்க்கவேயில்லை. நாங்களே பயந்து நாங்களே மழுக்கிக்கொண்டோம். எந்த விதி எங்களைத் தனியே நிறுத்தி உண்மையைச் சொல் என்று சொல்கிறதோ, அதே விதியில்தான் அந்த ஐந்து வருடமும் இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "சம்பளம் கொடுக்கிறவனைக் குறை சொல்லத்தான் சம்பளம் வாங்குற, அப்புறம் என்ன அழுகை?" சரிதான். ஆனால் கோபம் ஆறியபின் இன்னொன்றும் தோன்றுகிறது. மையம் மூடினால் என்னோடு இருக்கும் சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வெளியே போவார்கள். ஒரு வாக்கியத்தைத் தழைத்துக்கொண்டு ஐந்து வருடம் உள்ளே இருந்தால் இன்னும் ஐம்பது வாக்கியம் எழுதலாம் என்று தலைவர் நினைக்கிறார். அது கோழைத்தனமா கணக்கா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தாடி இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். தாடிக்கு எதிலும் ஒரு நிமிஷம்தான். அதனால்தான் எந்த வேலையிலும் நிற்கவில்லை.

இப்போதைக்கு ஒரு வேலை செய்திருக்கிறேன். அவர்களுடைய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் தலையில் ஓர் எண் போட்டு, பக்கத்தின் அடியில் அந்தக் குறிப்பேட்டு வரியிலிருந்து சிவப்புக் கட்டம் வரைக்கும் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். நாட்டின் பெயர், ஆளின் பெயர் எதுவும் இல்லாமல். கருத்து என்று ஒரு சொல் கிடையாது. ஆமாம், அடிக்குறிப்புதான். சிரி.

தலைவர் இன்னும் பார்க்கவில்லை. இருபதாம் தேதி அறிக்கை போகிறது. பழைய வாக்கியத்தையே போடு என்று சண்டைக்கு நிற்கவா, இந்த அடிக்குறிப்போடு விடவா? என் ஐந்தாம் வகுப்புக் கட்டுரையிலிருந்து எனக்குச் சிவப்பு மை அடித்தவள் நீ. இரண்டு வரியில் பதில் போடு, மூன்றாவது வரி வேண்டாம்.

உன்,
அ. அம்மாள்

பி.கு.: லக்சம்பர்க் பெயர்ப்பலகை உன்னிடம்தான் இருக்கிறது. இருபது வருடமாக இல்லை இல்லை என்கிறாய். பரணில் தேடு, என் மேஜைக்கு வேண்டும்.