இரண்டு வகுப்பறைகளைப் பூட்டியது ஏன்?

பெற்றோர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை முதல் ஆறாம் வகுப்பு நூலகத்திலும் ஏழாம் வகுப்பு ஆய்வகத்திலும் நடக்கின்றன. "போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சீங்க, நல்லா இருக்கிற ரூமை ஏன் டீச்சர் பூட்டுறீங்க?" என்று கேட் வாசலிலேயே நிறுத்திக் கேட்டீர்கள். பெயின்ட் அடித்ததுதான் தப்பு. விரிசல் எங்கே இருந்தது என்பதே அதில் மறைந்துபோனது.

பொறியாளர் வந்து கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார், பல இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலச் சத்தம். நம்முடையது கடலோர ஊர். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அது உள்ளிருந்து தள்ளத் தள்ள ஒருநாள் கான்கிரீட் பெயர்ந்து பிள்ளைகள் தலையில் விழும். சும்மா பூசிவிட்டால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, அப்புறம்தான் பூச வேண்டும்.

சைக்கிள் ஷெட் கூரைக்கும் வேலை இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஷீட்டுகள் காகிதம்போலப் பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புயல்காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும். அதற்கு மேலே நாலு செங்கல் வைப்பதெல்லாம் நம் மனசு ஆறுதலுக்குத்தான், அந்தச் செங்கல்லும் சேர்ந்தே பறக்கும். ஷீட்டை ஜே போல்ட்டால் (கொக்கிபோல் வளைந்த போல்ட்) சட்டத்தோடும், சட்டத்தைத் தூணோடும் இறுக்க வேண்டும்.

எனக்கு அதிக பயம் பின்பக்கக் காம்பவுண்டு சுவர்மேல்தான். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் மழையில் ஒரு சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்களை இழந்தோம். நம் சுவருக்கு அந்தப்பக்கம் மண் குவிந்து கிடக்கிறது, தண்ணீர் வடிய ஓட்டை கிடையாது. நிழலுக்காக அங்கே வண்டி நிறுத்தும் அப்பாக்களே, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பின்வாசலும் பூட்டியாயிற்று.

வேலை முடியும்வரை கீற்றுக்கொட்டகை போடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம், பள்ளியின் கீற்றுக்கூரையில் தீ, 94 குழந்தைகள். நான் தலைமையாசிரியையாக இருக்கும்வரை அது நடக்காது.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பொறியாளரின் அறிக்கையை மேசைமேல் வைத்திருப்பேன், வாருங்கள். கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னதாக வந்தால், அந்தச் சுவரை என்னோடு சுற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை