ஹைபேஷியாவுக்கு நரைக்கவே இல்லை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு நீயே கணக்கு சொல்லிக்கொடுக்கிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ரிட்டயர் ஆனாலும் சாக்பீஸை விடமாட்டாய் போலிருக்கிறது. இங்கே அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சில நாள் டிவி வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ரிமோட் என் வசம். அப்படித்தான் ‘அகோரா’ பார்த்தேன். 2009-இல் வந்த படம். எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் கணிதமும் வானியலும் தத்துவமும் கற்பித்த ஹைபேஷியாவின் கதை, ரேச்சல் வைஸ் நடித்தது. கணக்கு டீச்சரான உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது!

படம் பிடித்திருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கி.பி. 391 வாக்கில் அங்கிருந்த பழைய மதத்துச் செராபியம் கோயிலை இடிக்கக் கூட்டம் நுழையும்போது, உள்ளே இருப்பவர்கள் கையில் அகப்பட்ட சுருள்களை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். பார்க்கவே பதறியது. ஆனால் பாதிக்கு மேல் எரிச்சல் வந்துவிட்டது. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609-இல் கெப்ளர் வெளியிட்டதை, சாவதற்குச் சற்று முன் ஹைபேஷியா கண்டுபிடித்துவிடுகிறாராம். அதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. ஒரு பெண்ணை அறிஞர் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் அவர் கையில் ஒரு பெரிய கண்டுபிடிப்பைத் திணித்தாக வேண்டுமா, என்ன?

அவர் உண்மையில் செய்தது உரை எழுதுவதும் பதிப்பிப்பதும் பாடம் நடத்துவதும். டயோஃபாண்டஸின் எண் கணிதத்துக்கும், கூம்பு வெட்டுகள் பற்றிய அப்பல்லோனியஸின் நூலுக்கும் உரை எழுதியிருக்கிறார். இரண்டும் அவர் பெயரில் நம் கைக்கு வரவில்லை. தாலமியின் வானியல் நூலுக்குத் தன் தந்தை தியோன் எழுதிய உரையின் மூன்றாம் பகுதியில், பதிப்பைச் செய்தது தத்துவ அறிஞரான என் மகள் ஹைபேஷியா என்று அப்பாவே குறித்து வைத்திருக்கிறார். பரிமேலழகரைப் படித்து வளர்ந்த நமக்கு உரையாசிரியரின் அருமை தெரியும். சினிமாக்காரர்களுக்கு அது போதவில்லை.

அப்புறம் வயசு. பிறந்த ஆண்டில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 355 என்று சொல்பவர்களின் கணக்குப்படி, 415-இல் கொல்லப்பட்டபோது அறுபது. படத்திலோ இருபது வருஷத்துக்கு மேல் ஓடியும் அம்மணிக்கு ஒரு நரைமுடி இல்லை! அறுபது வயதுக்காரி ரதத்தில் ஊரைச் சுற்றி வருவதும், மாகாண ஆளுநர் ஒரெஸ்டெஸ் அவரிடம் யோசனை கேட்பதும்தான் பிஷப் சிரிலின் ஆட்களை உறுத்தியது என்று காட்டியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

சினேசியஸ் விஷயத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. அவர் ஹைபேஷியாவின் மாணவர், பின்னால் பிஷப் ஆனவர். கடைசியில் ஒரெஸ்டெஸை மண்டியிடச் சொல்லி வற்புறுத்தும் ஆளாகப் படத்தில் வருகிறார். ஆனால் அவர் கடிதங்கள் 413 வாக்கில் நின்றுவிடுகின்றன, ஹைபேஷியாவுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பதுதான் பொதுவான கருத்து. டீச்சருக்கு அவர் எழுதிய ஏழு கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி ஒன்று செய்து அனுப்பச் சொல்லி, அதன் அமைப்பையும் விவரிக்கிறார். கடைசிக் காலத்துக் கடிதம் படுக்கையில் கிடந்தபடி சொல்லி எழுதவைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், ஹைபேஷியாவைத் தாயே, சகோதரியே, ஆசிரியையே என்று அழைக்கிறார். ஒரு கிறிஸ்தவ பிஷப்புக்குப் பழைய மதத்து ஆசிரியை மேல் அவ்வளவு பாசம். கையில் இருந்த இந்த உறவை விட்டுவிட்டு, தாவுஸ் என்று ஓர் அடிமையைக் கற்பனை செய்து காதலிக்க வைத்திருக்கிறார்கள்.

ஹைபேஷியாவின் கொலையைக் கண்டித்து எழுதி வைத்த வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸும் கிறிஸ்தவர்தான், தெரியுமா? சிரிலுக்கும் ஒரெஸ்டெஸுக்கும் சமரசம் ஆகாமல் ஹைபேஷியாதான் தடுக்கிறார் என்று வதந்தி கிளம்பியதாம். கூட்டம் ரதத்திலிருந்து இழுத்துப்போய், சீசரியம் என்ற தேவாலயத்தில் வைத்து ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலை எரித்தது. படத்தில் தாவுஸ் முன்பே அவர் மூச்சை அடைத்துக் கொன்று, அந்த வேதனை இல்லாமல் செய்துவிடுகிறான். இந்த ஒரு பொய்யை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். உள்ளபடி எடுத்திருந்தால் என்னால் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது.

நீயும் பார்த்துவிட்டு எழுது. நீள்வட்டம் விஷயத்தில் நீ டைரக்டர் கட்சியாகத்தான் இருப்பாய் என்று தோன்றுகிறது. இருந்தால் நேரில் வா, சண்டை போடலாம். மாவடு போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது காலி ஜாடி கொண்டு வா.

அன்புடன்,
ராஜி