பனிக்காலத்துக் கணக்கு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. டென்வரில் புதிய வேலை பிடித்துப்போய்விட்டது என்பதையும், அம்மாவின் முழங்கால் வலி குறைந்து இப்போது தானே மாடிப்படி ஏறுகிறார் என்பதையும் படித்தபோது மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். வாசலில் பனி இன்னும் முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது. ஆனாலும் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பேஸ்பால் அணிகளின் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) பயிற்சி முகாம்களுக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்குக் குளிர்காலம் முடிந்துவிட்டது.

உன் அலுவலக நண்பர்களின் ஃபேன்டசி பேஸ்பால் லீகில், அதாவது உண்மையான ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் களத்தில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடும் விளையாட்டில், நீயும் சேர்ந்துவிட்டாய் என்பதுதான் கடிதத்திலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. நாம் ஒரே அறையில் இருந்த நாட்களில், ஆட்டத்தின் விதிகளே சரியாகப் புரியாமல் நள்ளிரவு வரை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு அணிகள், அணிக்கு 260 டாலர், 23 ஆட்டக்காரர்கள் என்ற வழக்கமான ஏலம் மார்ச் கடைசியில் நடக்கும் என்று எழுதியிருந்தாய். நீ தயாரித்த மதிப்பீட்டுப் பட்டியலையும் அனுப்பி, தவறுகளைத் தயங்காமல் சொல்லும்படி கேட்டிருந்தாய். இரண்டு இரவுகள் வரி வரியாகப் பார்த்தேன். உன் உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் அடித்தளத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொருவருக்கும் இந்த ஆண்டு இத்தனை ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) என்று ஒரே எண்ணை எழுதியிருக்கிறாய். அந்த ஒரே எண்ணுக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மட்டையோடு நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவர் எவ்வளவு நன்றாக அடிப்பார் என்பது முதல் கேள்வி. ஆண்டு முழுவதும் எத்தனை தடவை நிற்பார் என்பது இரண்டாவது. முதலாவது திறமையைப் பற்றியது. பழைய கணக்குகள் அதற்குப் பெரிதும் உதவும். இரண்டாவது உடல்நிலை, மேலாளரின் முடிவு, மட்டை வரிசையில் கிடைக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. பழைய கணக்குகள் அதற்குக் கொஞ்சமே உதவும். இரண்டையும் தனித்தனி நிரல்களில் எழுதி, கடைசியில்தான் பெருக்க வேண்டும். நாம் குளிர்காலம் முழுவதும் முதல் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறோம். நம் பட்டியல்களைக் கவிழ்ப்பதோ இரண்டாவது கேள்வி.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜை எடுத்துக்கொண்டு சென்ற ஆண்டு (2025) நான் போட்ட கணக்கை அப்படியே காட்டுகிறேன். டாம் டாங்கோ என்பவர் பொதுவில் வைத்த, ஆட்டக்காரரின் வரும் ஆண்டு எண்களை மதிப்பிடும் மார்செல் என்ற முறையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த குரங்கின் பெயர் அது. குரங்குகூடப் போட்டுவிடக்கூடிய அளவுக்கு எளிய கணக்கு என்பது பொருள். ஸிப்ஸ், ஸ்டீமர் என்று இதைவிட நுணுக்கமான முறைகள் இருந்தாலும், கையால் ஒரு முறையேனும் மார்செலைப் போட்டுப் பார்க்காதவனுக்கு அவற்றின் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜட்ஜ் 2022இல் 696 மட்டை வாய்ப்புகளில் (மட்டையோடு நின்ற தடவைகளில்) 62 ஹோம் ரன் அடித்தார். 2023இல் டாட்ஜர் அரங்கின் வேலியில் மோதிக் கால்விரலைக் காயப்படுத்திக்கொண்டதால் 458 வாய்ப்புகளே கிடைத்தன, 37 அடித்தார். 2024இல் 704 வாய்ப்புகளில் 58. மார்செல் அண்மை ஆண்டை ஐந்தாலும், அதற்கு முந்தையதை நான்காலும், அதற்கும் முந்தையதை மூன்றாலும் பெருக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் ஹோம் ரன்கள் 624 ஆகும், வாய்ப்புகள் 7,440 ஆகும். எண்ணைச் சராசரியை நோக்கிச் சற்று இழுப்பதற்காக அதோடு சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் 1,200 வாய்ப்புகளைச் சேர்க்க வேண்டும். நூறு வாய்ப்புக்கு மூன்று ஹோம் ரன் என்று வைத்தால் 36. இப்போது 8,640 வாய்ப்புகளில் 660, அதாவது நூற்றுக்கு 7.64. இருபத்தொன்பது வயதைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆயிரத்துக்கு மூன்று பங்கு கழிப்பது முறை. 2025இல் அவருக்கு வயது 33 என்பதால் 7.55 ஆகிறது. வாய்ப்புகளுக்குத் தனிக் கணக்கு: அண்மை ஆண்டில் (2024) பாதி, அதற்கு முந்தையதில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 200. மொத்தம் 598 வருகிறது. பெருக்கினால் 45 ஹோம் ரன்.

அவர் அடித்ததோ 53. முதலில் பார்த்தபோது முறையே தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு இரண்டு நிரல்களையும் தனித்தனியே ஒப்பிட்டேன். அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் 679. என் விகிதத்தை அந்த 679ஆல் பெருக்கினால் 51 வருகிறது. அதாவது அடிக்கும் திறமையை மார்செல் ஏறத்தாழ சரியாகவே சொல்லிவிட்டது. தவறிய எட்டில் ஆறு, அவர் எத்தனை தடவை நிற்பார் என்ற கணக்கில் தவறியது. ஒரே எண்ணாக எழுதியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது; விகிதத்தைத் தேவையில்லாமல் உயர்த்தி இந்த ஆண்டுப் பட்டியலையும் கெடுத்திருப்பேன்.

இதே காரணத்தால்தான் கேல் ராலேவுக்கு நீ எழுதியிருக்கும் 54 எனக்குக் கவலை தருகிறது. கேட்சராக இருந்துகொண்டு 60 ஹோம் ரன் அடித்ததை நானும் வியந்து வியந்து பார்த்தேன். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் அடித்தவை 30, 34. மார்செல் இந்த ஆண்டு அவருக்குத் தருவது 40க்குச் சற்றுக் கீழே. கேட்கவே மனம் ஒப்பாத எண் அது என்பது எனக்கும் தெரியும். நான்கூட என் பட்டியலில் 42 என்று எழுதியிருக்கிறேன், அவருடைய மட்டை வேகம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் 42க்கும் 54க்கும் இடையில் இருப்பது கணக்கு அல்ல, ஆசை. ஏலத்தில் அந்த ஆசைக்கு விலை பதினைந்து டாலர் வரை போகும்.

சராசரியை நோக்கி இழுக்கும் அந்த 1,200 வாய்ப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சராசரி என்பது நிலையானது அல்ல. விதி மாறினால் அதுவும் மாறும். 2023இல் தளங்களின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஓட்டக்காரரைத் தடுக்கப் பிட்சர் பந்தை எறிவதற்கும் வரம்பு வைத்தார்கள். முந்தைய ஆண்டில் 2,486 ஆக இருந்த தளத்திருட்டு (பந்து அடிபடாமலே ஓட்டக்காரர் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) 3,503 ஆக உயர்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் பழைய சராசரியை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும், நான் உட்பட, ஓட்டக்காரர்கள் அனைவரையும் குறைத்து மதிப்பிட்டோம். ஆளைப் பார்ப்பதற்கு முன் ஆடுகளத்தின் விதியைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். ஹுவான் சோட்டோ சென்ற ஆண்டு 38 தளங்களைத் திருடியது வேறு கதை; அதுவரை ஓராண்டில் 12க்கு மேல் திருடாதவர் அவர். அதை எந்தக் கணக்கும் சொல்லியிருக்காது, சொல்லவில்லை என்று கணக்கின்மேல் குறைபட்டுக்கொள்வதிலும் பொருளில்லை. இந்த ஆண்டு அவருக்கு 38 எழுதாதே. 20ஐ ஒட்டி எழுது.

உங்கள் ஊர் அரங்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,200 அடி உயரத்தில் கூர்ஸ் ஃபீல்ட் இருப்பதால் காற்று மெலிந்து பந்து தூரம் போகிறது என்பது உண்மைதான். அதற்காகக் கொலராடோ அணியின் பேட்டர்கள் எல்லோருக்கும் நீ பத்து சதவீதம் கூட்டியிருக்கிறாய். அவர்களுடைய மூன்றாண்டுக் கணக்கே அந்த அரங்கில் ஆடி எடுத்ததுதானே? கூர்ஸின் உதவி ஏற்கெனவே அந்த எண்களுக்குள் இருக்கிறது. நீ அதை இரண்டாம் முறை சேர்த்துவிட்டாய். அணி மாறி அங்கே வருகிறவர்களுக்குக் கூட்டு, அங்கிருந்து போகிறவர்களுக்குக் கழி. அப்போதும் ஆண்டின் 162 ஆட்டங்களில் 81தான் சொந்த அரங்கில் நடக்கின்றன என்பதால் பாதி அளவே.

பிட்சர்களில் உன் பட்டியல் மிகவும் பலவீனமாக இருக்கிறது. ஈ.ஆர்.ஏ.வை (ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரியை) அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாய். ஆடுகளத்துக்குள் விழும் பந்துகளில் பத்துக்கு மூன்று போல ஹிட் (பேட்டர் அடித்துத் தளத்தை அடைவது) ஆகின்றன என்பதையும், அந்த விகிதத்தின்மேல் பிட்சருக்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைந்த கட்டுப்பாடே இருக்கிறது என்பதையும் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் 2001இல் எடுத்துக்காட்டினார். ஆகவே ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான வீச்சுகளால் பேட்டருக்கு முதல் தளத்தை விட்டுக்கொடுப்பது), ஹோம் ரன் ஆகிய மூன்றையும் முதலில் மதிப்பிட்டு, அவற்றிலிருந்து ஈ.ஆர்.ஏ.வைக் கட்டியெழுப்பு. வெற்றி எண்ணிக்கையைத் துரத்தாதே: சென்ற ஆண்டு பால் ஸ்கீன்ஸ் 1.97 ஈ.ஆர்.ஏ.வோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். வெற்றி பத்து, தோல்வி பத்து.

ஒரு பிட்சர் ஆண்டுக்கு எத்தனை இன்னிங்ஸ் வீசுவார் என்ற விஷயத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் ஸ்பென்சர் ஸ்டிரைடர் 20 வெற்றிகளும் 281 ஸ்ட்ரைக்அவுட்டும் எடுத்தார். 2024க்கு மார்செல் அவருக்கு 167 இன்னிங்ஸ் தந்தது. இவ்வளவு வலிமையான இளைஞனுக்கு இது அநியாயம் என்று அந்த எண்ணை அடித்துவிட்டு, கையால் 195 என்று எழுதினேன். ஏலத்தில் 41 டாலர் கொடுத்தேன். இரண்டே ஆட்டங்கள் வீசினார். முழங்கை அறுவை சிகிச்சையோடு அந்த ஆண்டு முடிந்தது. காயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் 167 என்ற எண், பிட்சர் எவருக்கும் எந்த ஏப்ரலிலும் இது நேரலாம் என்பதை உள்ளே வைத்துக்கொண்டு சொன்ன எண். நான் அடித்தது அந்த எச்சரிக்கையைத்தான். லோகன் வெப், கேரட் குரோஷே போன்று ஒரு சிலரே இப்போது 200 இன்னிங்ஸைத் தாண்டுகிறார்கள். உன் பட்டியலில் பதினோரு பேர் தாண்டுகிறார்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் இதை என் மகள்தான் செய்கிறாள். பென்சிலும் தாளுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அணி அணியாகக் கூட்டுவாள். ஓர் அணிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறக்குறைய 6,100 மட்டை வாய்ப்புகள். அதற்கு மேல் கிடையாது. உன் பட்டியலில் டாட்ஜர்ஸ் அணிக்காரர்களைக் கூட்டியவள், 7,000ஐத் தாண்டுகிறது என்று வட்டமிட்டுக் காட்டினாள். அந்த 900 வாய்ப்புகள் எங்கும் இல்லாதவை. யாரிடமிருந்தேனும் அவற்றைப் பிடுங்கியாக வேண்டும். இன்னொன்று: 162 ஆட்டங்களை ஒன்பது இடங்களால் வகுத்துப் பார். மட்டை வரிசையில் ஒரு படி கீழே இறங்கினால் ஆண்டுக்குச் சுமார் 18 வாய்ப்புகள் குறையும். முதலிடத்தில் ஆடியவரை ஆறாவது இடத்துக்கு அனுப்பினால் 90 போய்விடும். அதனால்தான் மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களில் யார் எத்தனை அடித்தார் என்பதை நான் பார்ப்பதே இல்லை. மேலாளர் யாரை எந்த இடத்தில் இறக்குகிறார் என்பதைத் தினமும் குறித்து வைக்கிறேன்.

டாலராக மாற்றும் வேலையைக் கடைசிக்கு வை. உங்கள் ஏலத்தில் 276 பேர் போவார்கள், மொத்தப் பணம் 3,120 டாலர். 277ஆவது ஆளை இலவசமாக எடுக்கலாம் என்பதால், அவரைவிட எவ்வளவு கூடுதல் என்பதற்கு மட்டுமே விலை. கூடுதலை எல்லாம் கூட்டி, பணத்தை அந்த விகிதத்தில் பங்கிட்டால் போதும்.

இந்த 2026 மார்ச்சில் நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் வேறு நடக்கிறது. 2023இல் அதே போட்டியில் எட்வின் டியஸ் என்ற பிட்சர் வெற்றிக் கொண்டாட்டத்தில் முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டு அந்த ஆண்டு முழுவதையும் இழந்தார். ஆகவே வாய்ப்பு நிரலை ஏலத்துக்கு முந்தைய இரவு வரை மூடி வைக்காதே. விகித நிரலை இந்த வாரமே முடித்துவிடலாம். அதில் இனி மாற ஒன்றுமில்லை. திருத்திய பட்டியலை அனுப்பு, மகள் கூட்டிப் பார்க்கக் காத்திருக்கிறாள். ராலேவுக்கு என்ன எழுதினாய் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்